சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு குடித்தனம்

காரைக்காலில் வீடு கட்டித் தருகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கட்டாத வீட்டில் குடித்தனம் நடத்த வைத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரிடம்தான் நாங்கள் மாட்டினோம்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஊரில் யாரைக் கேட்டாலும் 'ரிகர்சல் மேஸ்திரி' என்றுதான் சொன்னார்கள். நேருக்கு நேராகவே "ரிகர்சல்ண்ணே" என்று கூப்பிடுவார்கள், அவரும் "சொல்லுப்பா" என்று திரும்புவார். மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைப் பையில் அளவு டேப், காதில் பென்சில். இதுவரை எல்லா மேஸ்திரிகளையும் போலத்தான். வாயில் எந்நேரமும் ஒரு காலிங்பெல் வைத்திருந்தார் என்பதுதான் வித்தியாசம்.

அவர் வேலை செய்கிற முறை இது. வீட்டின் பிளானை மனையிலேயே, அசல் அளவில், சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு வரைவார். இது ஹால், இது அடுப்படி, இது படுக்கையறை. எல்லாம் வெறும் தரை, நாலு பக்கமும் வானம். அந்தக் கோடுகளுக்குள் குடும்பம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வாழ்ந்து காட்ட வேண்டும். வாழ்வது அவருக்குத் திருப்தியாக இருந்தால்தான் அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டுவார். திருப்தியில்லை என்றால் கோட்டை அழித்துவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கிழம வாங்க, இன்னொரு தடவ பாத்துடுவோம்" என்பார்.

ஏன் இப்படி என்று கேட்டால் கருக்களாச்சேரி பீரோ கதையைச் சொல்வார். அங்கே ஒரு படகுக்காரருக்கு அவர் வீடு கட்டினாராம். மருமகள் கொண்டுவந்த சீர் பீரோவை உள்ளே கொண்டு போகும்போது நடையின் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அந்தக் குடும்பம் ஒரு பகல் முழுக்க முன்கட்டு, பின்கட்டு என்று இரண்டாகப் பிரிந்து, பீரோவுக்கு மேலாகச் சோற்றுத் தட்டைக் கொடுத்து வாங்கியதாம். கேட்கிற ஆளைப் பொறுத்துக் கதை வளரும். என்னிடம் சொன்னபோது புது மாப்பிள்ளை ஒரு பக்கமும் பெண் ஒரு பக்கமும் இருந்தார்கள்.

"அன்னைக்கு முடிவு பண்ணேன் தங்கச்சி. வீட்ட கட்டிட்டு வாழுறது தப்பு. வாழ்ந்துட்டுத்தான் கட்டணும்."

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் எம்.எஸ்சி. வேதியியல். கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு பத்தடி நடந்த பிறகு, வெண்டைக்காய் வாங்கியிருக்கலாமோ என்று தெருவில் நிற்பவள். என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. தலத்தெருவில் மனை வாங்கிப் போட்டுவிட்டு, "நீயும் அம்மாவும் சேந்து எப்படிச் சொல்றீங்களோ அப்படியே கட்டிடலாம்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். மாமியாரும் மருமகளும் சேர்ந்து சொல்வது எவ்வளவு எளிது என்று அவர் நினைத்தாரோ தெரியவில்லை.

எனக்கு அந்த வீட்டில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அப்போது மகள் இனியாவுக்கு இரண்டு வயது. வாடகை வீட்டில் ஒரு நாள் நான் ரசத்துக்குத் தாளித்துவிட்டுத் திரும்பினேன், அவளைக் காணவில்லை. தெருமுனை டீக்கடை பெஞ்சில், யாரோ வாங்கிக் கொடுத்த பட்டர் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். "பெரியவங்க யாரோ கூட வந்திருக்காங்கன்னு நெனச்சோம்மா" என்றார்கள். அன்றிலிருந்து நான் அடுப்பைப் பார்த்துச் சமைத்ததே இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டே கையால் தடவித் தடவிச் சமைத்தேன். புது மனைக்குப் பக்கத்தில் வாய்க்கால் வேறு ஓடியது. அடுப்படியில் நின்றால் ஹாலில் விளையாடுகிற குழந்தை கண்ணில் பட வேண்டும். எனக்கு அது போதும்.

அத்தைக்கோ அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவே முழுச் சுவர் வேண்டும்.

"ஹால்ல வந்து உக்கார்றவன் எல்லாம் நாம என்னத்த கிண்டுறோம்னு பாத்துக்கிட்டு இருக்கவா? அடுப்படின்னா மறைவா இருக்கணும் சுதா."

"சரி அத்தை" என்றேன். நான் எப்போதும் சொல்வது அதுதான். அப்புறம் பிளானை எடுத்து வைத்துக்கொண்டு, சுவருக்குப் பதில் அடுப்படியை நகர்த்தலாமா, ஹாலைத் திருப்பலாமா என்று பென்சிலால் போட்டுப் போட்டு அழித்தேன். தாள் மெலிந்து பின்பக்கம் தெரிந்தது. மேஸ்திரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"தாள்ல வாழ முடியாது தங்கச்சி. ஞாயித்துக்கிழம மூணு பேரும் வந்துடுங்க. பாய், தண்ணி, பாத்திரம் எடுத்துக்குங்க. சாரையும் கூப்புடுங்க."

"அவர் சிங்கப்பூர்ல இருக்காருண்ணே."

"போன்ல வரட்டும். வீட்டுக்காரர் இல்லாம என்ன குடித்தனம்?"

போனோம். வாசல் இருக்கும் இடத்தில் ஒரு பழைய நிலையும் கதவும் மூங்கில் முட்டுக் கொடுத்து நின்றன. அந்தக் கதவை அவர் மனைக்கு மனை சுமந்து போவார். சுற்றிலும் ஒரு செங்கல்கூட இல்லை, கதவு மட்டும் பூட்டியிருந்தது. பூட்டைத் திறந்து சாவியை என்னிடம் கொடுத்து, வலது காலை வைக்கச் சொன்னார். அத்தை கோட்டைத் தாண்டி நேராக உள்ளே போய்விட்டார். மேஸ்திரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"பெரியம்மா, சுவத்துல மோதிக்கிட்டீங்க."

அத்தை திரும்பி, வெளியே வந்து, கதவு வழியாக உள்ளே போனார். பதினாறு முழப் புடவை கட்டிய பெரிய மனுஷியை அப்படித் திரும்ப வைக்க மாமனாராலேயே முடிந்ததில்லை என்று கேள்வி.

அன்றைய விதிகள் வருமாறு. சுவர் இருக்கும் இடத்தைத் தாண்டிப் பார்க்கக் கூடாது. கதவு இருக்கும் இடத்தில் குனியக் கூடாது, "ஆறே முக்கால் அடி விட்டிருக்கேன்." யாராவது வந்தால் அவர் வாயால் காலிங்பெல் அடிப்பார். "கிர்ர்ர்ர்." வாசலுக்குப் போய்த் திறக்க வேண்டும். பெரும்பாலும் அவரேதான் வந்து நிற்பார், மழையில் நனைந்தவர் மாதிரி காலைத் தேய்த்துக்கொண்டு.

கணவரை ஹாலில் ஒரு ஸ்டூல் மேல் சாய்த்து வைத்தோம். செல்போனுக்குள்ளிருந்து, "என்ன நடக்குது, ஏன் எல்லாரும் வெயில்ல உக்காந்திருக்கீங்க?" என்றார். விளக்கினேன். "சரி, இன்ஜினியர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். மேஸ்திரி இன்ஜினியர் இல்லை என்று நானும் சொல்லவில்லை, மேஸ்திரியும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் அத்தை தன் அறையிலிருந்து, "அவன இங்க குடு" என்று கை நீட்டினார். நான் போனை நீட்டினேன். மேஸ்திரி ஓடி வந்தார்.

"சாரைச் சுவத்து வழியா குடுக்குறீங்களே தங்கச்சி. மனுஷன் என்னத்துக்கு ஆவாரு?"

கணவரை ஹால் வாசல் வழியாக, நடை வழியாக, சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போகும் வழியில் வீடு நன்றாக இருப்பதாக அவர் சொன்னார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அத்தை தன் அறையில் உட்கார்ந்து, நெடுங்காட்டிலிருக்கும் மகளோடு போனில் பேசினார். நான் நாலடி தள்ளி, கோட்டுக்கு இந்தப் பக்கம், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அவளுக்கு என்னடி, எதக் கேட்டாலும் சரி அத்தைங்கறா. மனசுல இருக்கறத சொல்லித் தொலைச்சாத்தான தெரியும். ஊமக்கோட்டான்."

கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். மேஸ்திரி உதட்டில் விரலை வைத்தார்.

"நடுவுல சுவர் இருக்கு. உங்களுக்குக் கேக்காது."

"கேட்டுச்சுண்ணே."

"கேக்காது. நீங்க நறுக்குங்க." பிறகு தன் பென்சிலை எடுத்து, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "இந்தச் சுவர் நாலரை இஞ்சு பத்தாது. ஒம்போது போட்டுருவோம்."

இதையெல்லாம்கூடப் பொறுத்திருக்கலாம். பால் காய்ச்சியதுதான் வினையாகிவிட்டது.

இனியா பசியில் அழுதாள். அடுப்படி என்று கோடு போட்ட இடத்தில் மூன்று செங்கல்லை வைத்து, சுள்ளி பற்றவைத்து, ஒரு சின்னப் பாத்திரத்தில் பால் காய்ச்சினேன். அது பொங்கியது. அந்த நேரம் பார்த்து பூவத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்குத் தெரிந்த யாரோ வண்டியில் அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள். வாசல் நிலை நிற்கிறது, குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறது, அடுப்பில் பால் பொங்குகிறது. அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? அன்று மாலைக்குள் பூவம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: தலத்தெருவில் சுதா வீட்டில் பால் காய்ச்சிவிட்டார்கள், சொந்தபந்தம் ஒருத்தரையும் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். என் அப்பாவின் அண்ணன். கோபமாக இருந்தாலும் வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு பெரிய சுவர்க்கடிகாரத்தைக் கலர் தாள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மேஸ்திரி "கிர்ர்ர்ர்" என்றார். நான் கதவைத் திறந்தேன்.

"வாங்க பெரியப்பா."

"நான் ஒண்ணும் உக்கார வரல. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நாங்க என்ன செத்தா போயிட்டோம்? கூப்பிடலன்னாலும் செய்ய வேண்டியத செய்யணும்ல, அதான்..." கடிகாரத்தை நீட்டியபடி சுற்றிலும் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "வீடு எங்கம்மா?"

"இன்னும் கட்டல பெரியப்பா."

"அப்புறம் என்னத்துல பால் காய்ச்சுன?"

விளக்க விளக்க அவருக்குக் கோபம் போய்க் கவலை வந்தது. அத்தையை ஒருமுறை பார்த்தார், ஸ்டூல் மேலிருந்த மருமகனை ஒருமுறை பார்த்தார். எந்த டாக்டரிடம் காட்டலாம் என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் மேஸ்திரி அவரை விடவில்லை.

"அருமையான கடிகாரம். இத ஹால்ல எங்க மாட்டுனா அடுப்படிக்குப் போகும்போது கண்ணுல படும்னு பாத்துருவோம். இப்படி இந்தக் கோட்டு மேல நில்லுங்க, நெஞ்சோட புடிங்க. இன்னும் ஒசரம். அவ்வளவுதான்."

பூவத்தில் பத்து மா நிலம் பயிரிடுகிற பெரியப்பா சுவராக நின்றார். கடிகாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மேஸ்திரியின் குரலில் ஏதோ இருந்தது, யாருமே அவர் சொல்லை மீறியதில்லை. உள்ளேயிருந்து அத்தை, "மணி என்ன ஆச்சு?" என்றார்.

பெரியப்பா தாடையை நெஞ்சில் புதைத்துக் கீழே பார்த்தார். "தெரியலீங்க சம்பந்தி. எனக்குத் தலைகீழா இருக்கு."

பெரியப்பாவைச் சுவரிலிருந்து இறக்கிச் சாப்பிட வைத்தோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவக் கொல்லைக்குப் போனபோது, அவராகவே பின்கதவைச் சாத்திவிட்டுப் போனார். கதவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சாவியை மறந்துவிட்டேன். வெயிலில் ஆட்டோவை விட்டு இறங்கி, பையைத் துழாவி, வாசலில் விறைத்து நின்றேன். கதவுக்கு இரண்டு பக்கமும் தலத்தெரு முழுக்கத் திறந்து கிடந்தது.

"தங்கச்சி, நல்லா தேடிப் பாருங்க" என்றார் மேஸ்திரி. அவரும் வெளியேதான் நின்றார்.

"அடுப்பு மேடைல வச்சுட்டு வந்துட்டேண்ணே."

"எந்த அடுப்பு மேட? உள்ளயா, பழைய வீட்டுலயா?"

எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது. அத்தை வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, மிகவும் இயல்பாகச் சொன்னார்: "கொல்லப்பக்கம் தெறந்திருக்கான்னு பாரு சுதா." இனியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் வரிசையாக வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனோம். திறந்திருந்தது.

ஒரே ஒரு ஆள் மட்டும் கடைசிவரை இந்த ஒத்திகைக்கு ஒத்துவரவில்லை. இனியா.

ஹாலில் விட்டால் விளையாடுவாள். அம்மாவைத் தேடும் நேரம் வந்ததும் நிமிர்ந்து, அடுப்படிக் கோட்டின் மேலேயே நடந்து, நேராக என் முட்டியில் வந்து முட்டுவாள். பாதம் இரண்டும் சுண்ணாம்பு. மேஸ்திரி பொறுமையாக அவளைத் தூக்கிக்கொண்டு ஹாலில் விட்டு, கதவு இருக்கும் இடத்தைக் காட்டி, "இப்படி வரணும் பாப்பா, இப்படி" என்பார். அவள் தலையாட்டுவாள். மறுபடி சுவர் வழியாக வருவாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில். அந்த இடத்தில் கோடே அழிந்துபோய் மண் தெரிந்தது.

"பாப்பா ஒத்துழைக்க மாட்டேங்குது" என்று போனிலிருந்த கணவரிடம் புகார் செய்தார். கணவர் அவளை அதட்டினார். அவள் அவரைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மேஸ்திரி அவளைத் தடுப்பதை நிறுத்திவிட்டார். தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, இந்தச் சுவத்தப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலியே?"

அத்தை பக்கத்தறையில் இருந்தார். நடுவில் சுவர் இருக்கிறது, கேட்காது. ஆனாலும் கேட்கும். "உங்க இஷ்டம்ணே" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். "எல்லாரும் என் இஷ்டம்னா நான் யாருக்கு வீடு கட்டுறது? நானா வந்து குடியிருக்கப் போறேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே டேப்பை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த இனியாவின் தலைக்கு மேலே பிடித்து ஏதோ அளந்தார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நிலைக்கதவு வாங்க இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருவழியாக அவருக்குத் திருப்தி வந்தது. அஸ்திவாரம் போட்டார், சுவர் எழும்பியது. ஒத்திகை பார்த்த வீடு என்பதால் வேலை ஒழுங்காக நடக்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. கழிப்பறையில் ஒருவரும் ஒத்திகை பார்க்கவில்லை, வெட்கம். அதனால் அந்தக் கதவு இன்றைக்கும் வாளியை நகர்த்தினால்தான் திறக்கும்.

பூச்சுவேலை நடந்த நாளில் அத்தையும் நானும் போய்ப் பார்த்தோம். அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவே அத்தை கேட்ட முழுச்சுவர் நின்றது. கீழே, தரையோடு, வளைவு வைத்து ஒரு சின்ன வாசல். இரண்டு வயதுக் குழந்தை தலை இடிக்காமல் போகிற உயரம். இனியா என் கையை உதறிவிட்டு ஓடி, அதன் வழியாகப் போனாள், வந்தாள், போனாள்.

"என்ன தம்பி இது?" என்றார் அத்தை.

"பாப்பா வழிங்க."

"நாயி பூந்து போற ஓட்ட மாதிரி இருக்கு. வீட்டுக்கு வர்றவங்க என்ன சொல்லுவாங்க?"

"உக்காந்திருக்கறவங்களுக்கு அடுப்படி தெரியாது பெரியம்மா. குனிஞ்சு பாக்கணும். அப்படிக் குனிஞ்சு பாக்குற விருந்தாளிய உள்ள விட்டது நம்ம தப்பு."

"அதெல்லாம் வேணாம். சாயங்காலத்துக்குள்ள அடைச்சுடுங்க."

"அடைச்சுடலாங்க. நாலு செங்கல்லு." கரண்டியால் கலவையை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டார். ஆனால் அத்தையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "அடுப்படியில நிக்கப்போறவங்க சொல்லட்டும். சொல்லுங்க தங்கச்சி."

நான் அடுப்பு வரப்போகும் இடத்தில் போய் நின்றேன். அங்கிருந்து அந்த வளைவு வழியாக ஹால் தெரிந்தது. முழு ஹால் தெரியவில்லை. இனியாவின் இரண்டு கால்கள் தெரிந்தன, பூச்சு மணல் அப்பிய கால்கள். கொஞ்சம் பொறுத்து அவள் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள்.

அடைத்துவிடலாம் என்று முதலில் தோன்றியது. வேண்டாம் என்று தோன்றியது. வளைவைச் சதுரமாக வைத்திருக்கலாமோ என்றுகூட ஒரு எண்ணம் ஓடியது. கரண்டியில் கலவை காய்ந்துகொண்டிருந்தது.

"இருக்கட்டும் அத்தை" என்றேன். "எனக்கு வேணும்."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றார். பிறகு மேஸ்திரியிடம், "ஓரத்துல முனை இல்லாம நல்லா மழுங்கப் பூசுங்க, புள்ள நெத்தியில இடிச்சுக்கப் போவுது" என்றார்.

முறைப்படி பால் காய்ச்சினோம். எல்லாரையும் கூப்பிட்டோம். பெரியப்பா மட்டும் மொய் எழுத மறுத்து, "நான் போன தடவையே செஞ்சுட்டேன்" என்று சுவர்க்கடிகாரத்தைக் காட்டினார். அவர் நின்ற இடத்திலேயே அது மாட்டப்பட்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அந்தக் குட்டி வாசலைப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு குனிந்து எட்டிப் பார்த்தார்கள். இப்போது அத்தை அதன் வழியாகத்தான் எனக்குக் காலி காபி டம்ளரைத் தள்ளிவிடுகிறார்.

விடைபெறும் நாளில் மேஸ்திரி ஒரு மூட்டை சிமென்டைக் கொண்டுவந்து வாசலோரம் இறக்கினார். "பாப்பா வளந்ததும் அடைச்சுடுங்க. அதுக்குத்தான் இது. சீக்கிரம் வளந்துடும்."

இனியா இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அந்த வழியாக வர வேண்டுமென்றால் மண்டி போட்டுத்தான் வர வேண்டும், ஆனாலும் வருகிறாள். அடைக்க ஆள் கூப்பிட வேண்டும் என்று நானும் ஒவ்வொரு விடுமுறைக்கும் நினைக்கிறேன். மூட்டை மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, கல்லாகிவிட்டது. அவள் அதன் மேல் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடத்து ஷூ போட்டுக்கொள்கிறாள்.

போன வாரம் மேஸ்திரி இந்தப் பக்கம் வேலைக்கு வந்தவர் எட்டிப் பார்த்தார். நிஜமான காலிங்பெல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் வாயால்தான் "கிர்ர்ர்ர்" என்றார். மூட்டையைப் பார்த்தார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"கல்லாப் போச்சு."

"ஆமாண்ணே."

உள்ளே எட்டி, அடுப்படிச் சுவரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "பரவால்ல. இன்னொரு மூட்ட அனுப்புறேன். அதையும் மழ படுற எடத்துலயே போடுங்க."

நேற்று வந்து இறங்கியது. முதல் மூட்டைக்குப் பக்கத்திலேயே போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த தடவை அவர் வரும்போது உட்கார இடம் வேண்டும்.